கார்டை மூடப் பேரம் எதற்கு?

கிரெடிட் கார்டை மூடப்போகிறேன் என்று அலுவலகத்திலோ உறவினர்களிடமோ சொல்லிப் பாருங்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். “சட்டென்று மூடிவிடாதீர்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, மூடப்போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணத்தை அவர்களே தள்ளுபடி செய்துவிடுவார்கள்” என்பார்கள். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகள் பத்துக் கோடிக்கும் மேல். அவற்றை வைத்திருப்பவர்களிடையே இந்த யோசனை பொது அறிவாகவே ஆகிவிட்டது: மிரட்டு, பேரம் பேசு, கார்டை வைத்துக்கொள். இந்தப் பொது அறிவு தவறானது. அது வாடிக்கையாளருக்குச் சிறிய லாபத்தைக் காட்டி, வங்கிக்குப் பெரிய லாபத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு வங்கி விளம்பரத்துக்கும் ஏஜெண்டுக்கும் வரவேற்புச் சலுகைக்கும் செலவழிக்கிறது. இருக்கும் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது அதைவிட மலிவு. ஆகவே மூடப்போகிறேன் என்று சொல்பவரிடம் வங்கி இறங்கி வரும். போனில் கேட்பதற்குச் செலவில்லை. கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் அப்போது மூடிக்கொள்ளலாம். தவிர, பழைய கார்டு நம் கடன் வரலாற்றின் நீளத்தைக் காட்டுகிறது. அதை மூடினால் சிபில் ஸ்கோர் இறங்கும். பேரத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இதுதான் அவர்கள் வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. கட்டணத் தள்ளுபடி பலருக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. வங்கிக்குப் பழைய வாடிக்கையாளர் மலிவு என்பதும் உண்மை. தவறு இருப்பது கடைசி வாக்கியத்தில்: இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதில். இழப்பதற்கு நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மூடுவது உரிமை; பேரம் அதைச் சலுகையாக்கிவிடுகிறது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய கார்டு நெறிமுறைகள் இந்த விஷயத்தில் மிகத் தெளிவானவை. நிலுவை முழுவதும் கட்டப்பட்டிருந்தால், மூடும்படி கேட்ட 7 வேலைநாட்களுக்குள் வங்கி கார்டை மூடியாக வேண்டும். மூடியதை எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற வழிகளில் உடனே தெரிவிக்க வேண்டும். மூடும் விண்ணப்பத்தைப் பெற உதவி எண், தனி மின்னஞ்சல் முகவரி, இணையதளத்தில் கண்ணில் படும் இணைப்பு, நெட் பேங்கிங், மொபைல் செயலி போன்ற வழிகளைத் திறந்து வைக்க வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று இழுத்தடிக்கக் கூடாது. 7 வேலைநாட்களில் மூடத் தவறினால், மூடும் வரை தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

இந்த விதியைச் சும்மா எழுதி வைக்கவில்லை. மூட வருபவர்களை வங்கிகள் அலையவிட்டதால்தான் இப்படி ஒரு தண்டத்தொகை தேவைப்பட்டது. இத்தனை தெளிவான ஓர் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, “மூடாமல் இருக்க என்ன தருவீர்கள்?” என்று கேட்கிறோம். கேட்ட அந்த நொடியில் நாம் விண்ணப்பதாரர் என்ற இடத்திலிருந்து இறங்கிக் கேட்பவர் என்ற இடத்துக்குப் போய்விடுகிறோம். விண்ணப்பம் கொடுத்தால் வங்கிக்குக் கெடு உண்டு. பேரம் பேசினால் கெடு கிடையாது, தண்டத்தொகை கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது. “பரிசீலித்துச் சொல்கிறோம் சார்” என்ற பதிலுக்கு ரிசர்வ் வங்கி எந்தக் காலவரம்பும் வைக்கவில்லை.

2. பேரத்துக்குச் சொல்லப்படும் நேரமே நமக்கு எதிரானது.

வழக்கமான யோசனை இப்படிப் போகிறது: கட்டணம் பில்லில் விழட்டும், பிறகு போன் செய்து அதை நீக்கச் சொல்லுங்கள். இதைவிடப் பலவீனமான நேரம் வேறில்லை. பில்லில் ஏறிய மறுகணமே அந்தக் கட்டணம் நிலுவை ஆகிவிடுகிறது. நிலுவை இருக்கும் கார்டை மூடும் கடமை வங்கிக்கு இல்லை. 500 ரூபாய் தண்டத்தொகைக்கும் அது உட்படாது. அதாவது, மூடப்போகிறேன் என்று மிரட்டும்போது, மூடுவதற்கு முன் கட்டணத்தைக் கட்டு என்று சொல்லும் உரிமையை வங்கிக்கு நாமே கொடுத்துவிடுகிறோம்.

அதோடு கடிகாரமும் ஓடுகிறது. தள்ளுபடி பற்றிய பதில் வருவதற்குள் பணம் கட்டும் கெடு தேதி வந்துவிடும். வங்கி சொல்லட்டும் என்று கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் விழும். கெடு தாண்டி 3 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால், அதைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகத் தெரிவிக்க வங்கிக்கு இடமுண்டு. ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போய்க் கடன் வரலாற்றில் கரும்புள்ளி வாங்குவது எந்த வகையில் சாமர்த்தியம்? கட்டணம் விழும் மாதம் எது என்பது கார்டு வாங்கிய தேதியிலேயே தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே மூடுவதுதான் வலுவான நிலை. அப்போது நிலுவையும் இல்லை, பேரமும் இல்லை.

3. தள்ளுபடி என்று கிடைப்பது பெரும்பாலும் தள்ளுபடியே அல்ல.

மூடும் எண்ணத்தைச் சொன்னதும் அழைப்பு வேறொருவருக்கு மாற்றப்படுகிறது. வாடிக்கையாளரைத் தக்கவைப்பதுதான் அவருடைய வேலை. அவர் முதலில் கட்டணத்தை நீக்குவதில்லை. ரிவார்டு பாயிண்ட் தருகிறேன் என்பார். அல்லது அடுத்த மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால் திருப்பித் தருகிறோம் என்பார். அல்லது வேறு கார்டுக்கு மாற்றித் தருகிறேன், லிமிட்டை உயர்த்துகிறேன், கார்டின் மேல் கடன் தருகிறேன் என்பார்.

கணக்குப் போடுவோம். ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாய், ஆக மொத்தம் 1,180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடாக 2,000 பாயிண்ட் தருகிறார்கள். ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு என்றால் அது 500 ரூபாய். அதுவும் கையில் வரும் பணமல்ல. வங்கி சொல்லும் பட்டியலில், வங்கி சொல்லும் விலையில் பொருள் வாங்கத்தான் உதவும். மீதி 680 ரூபாயை நாம் கட்டியிருக்கிறோம். மூடியிருந்தால் கட்டவேண்டிய தொகை பூஜ்யம். பேரத்தில் வென்றதாக நினைப்பவர் உண்மையில் 680 ரூபாய் கொடுத்து, வேண்டாம் என்று நினைத்த கார்டை மறுபடி வாங்கியிருக்கிறார்.

4. செலவு செய்தால் கட்டணம் இல்லை என்ற நிபந்தனை நம் வீட்டு பட்ஜெட்டை வங்கியின் கையில் கொடுக்கிறது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்தால் கட்டணம் கிடையாது என்று ஒரு நிபந்தனை. இயல்பாக ஆண்டுக்கு 70,000 ரூபாய் கார்டில் செலவு செய்யும் குடும்பம், 1,180 ரூபாயை மிச்சம் பிடிக்க இன்னும் 30,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். தேவையில்லாத 30,000 ரூபாய்ப் பொருளுக்கு 4 சதவீதம்கூட இல்லாத கழிவு. இதைச் சேமிப்பு என்று எந்த வீட்டுக் கணக்கிலும் எழுத முடியாது.

புதிதாக வாங்க வேண்டாமே, ரொக்கத்திலும் யுபிஐயிலும் செய்யும் செலவைக் கார்டுக்கு மாற்றினால் போதுமே என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் வீட்டு வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றைப் பல கார்டுகள் இந்த ஒரு லட்சக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகையைக் கார்டில் கட்டினால் தனிக் கட்டணமும் உண்டு. குடும்பத்தின் பெரிய செலவுகளே கணக்குக்கு வெளியே போய்விட்டால், மீதியை நிரப்புவது துணியும் மின்சாதனமும் உணவகமும்தான். நிபந்தனை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

வங்கி ஏன் இதற்கு மனமுவந்து சம்மதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டில் நாம் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 2 ரூபாய் வரை கடைக்காரரிடமிருந்து கழிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டைக் கொடுத்த வங்கிக்கே போகிறது. ஒரு லட்சம் செலவழித்தவரிடம் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதால் வங்கிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கடைக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டார். அவர் அதைப் பொருளின் விலையில் ஏற்றி, நம்மிடமும், கார்டே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமும் வசூலித்துக்கொள்கிறார்.

5. இலவசமாகக் கிடைத்த கார்டும் இலவசமல்ல.

இதுதான் மிகப் பெரிய ஓட்டை. பேரம் பேசச் சொல்பவர்கள் ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே கார்டின் விலையாக எண்ணுகிறார்கள். அது விலையில் மிகச் சிறிய பகுதி. நம் நாட்டில் கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், 3.75 சதவீதம் என்ற அளவில் இருப்பது சாதாரணம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 42 முதல் 45 சதவீதம். 2008இல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இன்று வட்டிக்கு நீதிமன்றம் வகுத்த உச்சவரம்பு இல்லை.

ஒரே ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்? 30,000 ரூபாய் நிலுவையை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், 3.75 சதவீத வட்டியில் 1,125 ரூபாய். வட்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் இன்னும் 202 ரூபாய் 50 காசு. ஆக 1,327 ரூபாய் 50 காசு. பேரம் பேசி மிச்சம் பிடித்த 1,180 ரூபாய் ஒரே மாதத்தில் போய், மேலே 147 ரூபாய் 50 காசும் போய்விட்டது. இதோடு முடியவில்லை. நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்ற வசதியும் போய்விடும். அதன்பின் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

நான் ஒழுங்காகக் கட்டுபவன், எனக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படியானால் கார்டை மூட வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது? பெரும்பாலானவர்கள் கார்டை மூட நினைப்பது, அது தங்கள் செலவைக் கூட்டுகிறது என்று உணர்ந்த தருணத்தில்தான். நிதானமாக யோசித்து எடுத்த அந்த முடிவை, போனில் கிடைத்த ஆயிரம் ரூபாய்க்கு மாற்றிக்கொள்கிறோம். நோய் என்னவென்று கண்டுபிடித்த பிறகு மருந்தை விற்றுவிட்டு வருவது போன்றது இது.

6. மிரட்டல் யாரிடம் எடுபடும் என்பதை வங்கி முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

நம் செலவு, கட்டும் பழக்கம், எத்தனை முறை வட்டி கட்டினோம், எத்தனை இஎம்ஐ எடுத்தோம் எல்லாம் வங்கியின் திரையில் இருக்கின்றன. நம் குரலில் உள்ள கோபம் அந்தக் கணக்கை மாற்றாது. அதிகம் செலவழிப்பவருக்கும், வட்டி கட்டி வங்கியை வாழவைப்பவருக்கும் தள்ளுபடி எளிதில் கிடைக்கும். எப்போதாவது மருந்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் மட்டும் கார்டைப் பயன்படுத்தும் ஓய்வூதியருக்கு அது கிடைக்காது. தள்ளுபடி யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவரை இந்தப் பேரம் எட்டுவதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. மூடுங்கள் என்று நாம் சொன்னதை, மறுமுனையில் இருப்பவர் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு பதிவு செய்துவிட்டால் அதில் தவறில்லை. வெறும் மிரட்டலுக்குச் சொன்னவர் சேர்த்த பாயிண்ட்டை இழக்கலாம், கார்டையும் இழக்கலாம். மூட எண்ணமில்லாதவர் மூடப்போகிறேன் என்று சொல்வது பொய். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொள்பவர், மாத இலக்கைத் துரத்திக்கொண்டிருக்கும் குறைந்த சம்பள ஊழியர். கட்டணத்தை நிர்ணயித்தவர் அந்த அழைப்பில் இல்லவே இல்லை.

7. சிபில் ஸ்கோர் பயம் அளவுக்கு மீறி ஊதப்பட்டது.

இந்தப் பயத்தில் உள்ள உண்மையை மறைக்க மாட்டேன். ஒரு லட்சம் லிமிட்டில் ஒன்று, இரண்டு லட்சம் லிமிட்டில் ஒன்று என இரண்டு கார்டு வைத்திருப்பவர் மாதம் 30,000 ரூபாய் செலவழித்தால், மொத்த லிமிட்டில் 10 சதவீதத்தைப் பயன்படுத்துகிறார். பெரிய கார்டை மூடினால் அதே செலவு 30 சதவீதமாகிவிடும். இந்த விகிதம் ஏறினால் ஸ்கோர் ஓரளவு இறங்கலாம். அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பவர், கடன் கைக்கு வரும் வரை கார்டை மூடாமல் இருப்பது நல்லது. இது நேர்மையான விதிவிலக்கு.

ஆனால் விதிவிலக்கை விதியாக்கக் கூடாது. மூடிய கார்டின் வரலாறு மறுநாளே அழிந்துபோவதில்லை. ஒழுங்காகக் கட்டி மூடப்பட்ட கணக்கு பல ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும். மற்ற கார்டின் லிமிட்டை உயர்த்தினால் அந்த விகிதமும் சரியாகிவிடும். எல்லாவற்றையும்விட ஸ்கோருக்கு அதிகக் கேடு செய்வது தவணை தவறுவதுதான். 300 முதல் 900 வரை செல்லும் ஓர் எண்ணைக் காப்பாற்றுவதற்காக, தவணை தவறும் வாய்ப்பைக் கூட்டும் கார்டை வைத்துக்கொள்வது தலைகீழான தர்க்கம். கடன் வாங்குவதற்கு உதவும் கருவிதான் ஸ்கோர். கடனே தேவைப்படாத அறுபது வயதுக்காரரிடம் ஸ்கோர் போய்விடும் என்று சொல்லிக் கார்டை மூடவிடாமல் செய்வது அவரைப் பயமுறுத்துவது மட்டுமே.

கட்டணம் நீங்கிவிட்டதே, இனிப் பயன்படுத்தாமல் பீரோவில் போட்டு வையுங்கள் என்ற யோசனையும் இதோடு சேர்ந்தே வரும். தள்ளுபடி ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு கட்டணம் மறுபடி விழும். மறந்துபோன கார்டின் பில்லை யாரும் பார்ப்பதில்லை. கட்டாத கட்டணம், அதன் மேல் தாமதக் கட்டணம், அதற்கு வரி, பிறகு அறிக்கையில் தவறிய தவணை. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, 30 நாளில் பதில் வராவிட்டால் மூட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. பயன்படுத்தாத கார்டு உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் ஒழுங்குமுறையின் போக்கு. நம் பொது அறிவு அதற்கு நேர் எதிராக நிற்கிறது.

8. கடனில் இருப்பவரின் பேரத்தை இதோடு குழப்புவது கொடுமை.

கட்டணத் தள்ளுபடிக்குச் சொல்லும் அதே வாய், பெரிய நிலுவையோடு தவிப்பவரிடமும் “பேசிப் பாருங்கள், குறைத்துக்கொண்டு மூடிவிடுவார்கள்” என்கிறது. இது முற்றிலும் வேறு விஷயம். நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வங்கி கணக்கை முடித்தால், கடன் அறிக்கையில் அது முழுமையாக மூடப்பட்ட கணக்கு என்று வராது. செட்டில் செய்யப்பட்ட கணக்கு என்று வரும். அடுத்துக் கடன் கொடுக்க வருபவர் அதைப் பார்த்து, இவர் முழுப் பணத்தையும் கட்டவில்லை என்று புரிந்துகொள்வார். பல ஆண்டுகளுக்கு அது தொடரும்.

கட்ட வழியே இல்லாதவருக்கு அதுவே சரியான வழியாகவும் இருக்கலாம். ஆனால் விளைவை அறிந்து எடுக்க வேண்டிய முடிவு அது. வருமானம் உள்ளவர் முதலில் கேட்க வேண்டியது, நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைகளாக மாற்றித் தர முடியுமா என்பதைத்தான். எந்த உடன்பாடாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பே அது எழுத்தில் வேண்டும். போனில் சொன்ன வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டியவருக்குப் பிறகு காட்ட ஒன்றுமிருக்காது.

9. தனித்தனிப் பேரம் பொதுவான அநியாயத்தைக் காப்பாற்றுகிறது.

என் எதிர்ப்பின் மையம் இதுதான். கேட்டால் நீக்கிவிடக் கூடிய கட்டணம் என்றால், அதை முதலில் ஏன் விதிக்க வேண்டும்? கேட்கத் தெரியாதவர் கட்டுவார் என்பதற்காகத்தான். போனில் தயங்காமல் பேசுபவர், கட்டண மாதத்தை நினைவு வைத்திருப்பவர், பத்து நிமிடம் காத்திருக்க நேரம் உள்ளவர் தப்பித்துவிடுகிறார். கணவர் இறந்த பிறகு அவருடைய கணக்குகளைத் தனியாகச் சமாளிக்கும் பெண், முதல் சம்பளத்தோடு கார்டும் வாங்கிய இளைஞர், ஷிப்ட் வேலையில் பகலெல்லாம் தூங்குபவர், பில்லை வாசிக்கக் கண் சரியில்லாத பெரியவர் ஆகியோர் கட்டுகிறார்கள். தப்பித்தவர் அதைத் தன் திறமை என்று நினைத்து அடுத்தவருக்கும் சொல்லித் தருகிறார். அவருக்குக் கொடுத்த தள்ளுபடியின் செலவு இவர்கள் தலையில் விழுகிறது.

திறமையாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் தள்ளுபடி வாங்கிக்கொண்டு போய்விட்டால், விதியை மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்க யார் மிஞ்சுவார்கள்? எழுதத் தெரிந்தவரும் புகார் கொடுக்கத் தெரிந்தவரும் திருப்தியாகிவிட்டார்கள். கட்டுபவர்களுக்குக் குரல் இல்லை. தனிப்பேரம் வங்கிக்குப் பிடித்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பேரமே கூடாது என்பதல்ல என் வாதம். ஒரு கார்டு உண்மையில் பயன்படுகிறது, வைத்துக்கொள்ளவே விருப்பம் என்றால், அதை அப்படியே சொல்லிக் கேட்கலாம்: கார்டை வைத்துக்கொள்ளப்போகிறேன், கட்டணத்தை நிபந்தனையில்லாமல் நீக்க முடியுமா? கட்டணம் விழுவதற்கு முன் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்க வேண்டும். செலவு இலக்கோ, புதிய கடனோ, வேறு கார்டோ சேர்த்துத் தந்தால் ஏற்கக் கூடாது. கார்டின் சலுகைகளை வங்கி குறைத்தாலோ கட்டணத்தை உயர்த்தினாலோ பேரமே தேவையில்லை. கட்டண மாற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிப்பு வேண்டும். அந்த மாற்றம் பிடிக்காமல் மூடுபவரிடம் மூடுவதற்கென்று கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. இரண்டும் விதியிலேயே இருக்கின்றன.

வேண்டாம் என்று முடிவு செய்த கார்டுக்கோ வழி ஒன்றுதான். பாயிண்ட்டைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். அந்தக் கார்டில் கட்டிவைத்த ஆட்டோ டெபிட்டுகளை, ஓடிடி சந்தாவோ காப்பீட்டுப் பிரீமியமோ ஃபாஸ்டேகோ எதுவானாலும், வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ உட்பட எல்லா நிலுவையையும் முடிக்க வேண்டும். பிறகு எழுத்தில் மூடும் விண்ணப்பம் கொடுத்து, அதன் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். தக்கவைக்கும் அழைப்பு வந்தால், முடிவு செய்துவிட்டேன் என்ற ஒரே பதில் போதும். மூடியதற்கான கடிதத்தை வாங்கி வைக்க வேண்டும். கார்டில் நம் பணம் மிஞ்சியிருந்தால் அதை வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு வங்கியுடையது. ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. வங்கி இழுத்தடித்தால் அதனிடமே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன். அதற்கும் கட்டணம் இல்லை.

போனில் செலவழிக்கும் சாமர்த்தியத்தை நாம் செலவழிக்க வேண்டிய இடம் ரிசர்வ் வங்கியின் முன்னால் இருக்கிறது. கார்டு கொடுத்து 30 நாளுக்கு மேலாகியும் வாடிக்கையாளர் அதை இயக்காவிட்டால், ஓடிபி மூலம் அவர் சம்மதத்தைப் பெற வேண்டும், சம்மதம் இல்லாவிட்டால் மூடிவிட வேண்டும் என்று இன்றைய விதியே சொல்கிறது. இதே முறையை ஆண்டுக் கட்டணத்துக்கும் கொண்டுவருவதில் என்ன தடை? ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் விதிப்பதற்கு முன், இவ்வளவு கட்டணம், தொடர விருப்பமா என்று கேட்டு ஓடிபி வாங்கட்டும். சம்மதம் வராவிட்டால் கட்டணம் விதிக்காமல் கார்டை மூடட்டும். தள்ளுபடிக்கான நிபந்தனைகளை இணையதளத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவிக்கட்டும். இந்த இரண்டும் வந்தால் பேரம் பேசத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே விலை கொடுப்பார்கள். இந்தக் கோரிக்கையை எழுத்தில் எழுப்புவது, கஸ்டமர் கேரில் ஆயிரம் ரூபாயைப் பிடுங்குவதைவிட எல்லோருக்கும் பயன் தரும்.

அது வரும்வரை நம் கையில் இருக்கும் விதியே போதும். இன்றே விண்ணப்பத்தை அனுப்புங்கள். ஏழாம் வேலைநாள் முடிந்தும் கார்டு மூடப்படாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தர வேண்டியது வங்கிதான்.